நுவரெலியா பீரும் மாப்பிள்ளை பார்த்த கதையும்

உறையூரில் கோலி சோடா அடித்து விற்கிறவனுக்கு நுவரெலியா பீரைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல என்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். தகுதி இருக்கிறது. கல்யாணமான நாளிலிருந்து பாட்டிலுக்குள் அடைபட்ட காற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பவன் நான். எந்த நுரை நிற்கும், எந்த நுரை ஏமாற்றும், எந்தத் தண்ணீர் தொண்டையைக் கிள்ளும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். என் நாக்கை நம்பித்தான் என் கடையே நடக்கிறது.

மதராஸ் ராஜ்யத்தில் மதுவிலக்கு வந்த பிறகு என் சோடாக் கடை பெஞ்சு ஒரு சின்ன சட்டசபை ஆகிவிட்டது. பழைய குடிகாரர்கள் எல்லோரும் பன்னீர் சோடாவை வைத்துக்கொண்டு பழைய கதை பேசுவார்கள். அவர்களில் ஒருவர் இலங்கையில் துரை பங்களாவில் சமையல் செய்துவிட்டு ஊர் திரும்பியவர். நுவரெலியா பீர் என்று ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். கப்பலில் வரும் சீமைப் பீரைவிட விலை பாதி, ருசி இரண்டு மடங்கு, தோட்டத்துக் கூலிக்காரனும் வாங்கிக் குடிக்கலாம் என்பார். நாங்கள் வாயைப் பிளந்து கேட்போம். பாதி நம்புவோம்.

எனவே இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் வாழ்க்கைப்பட்ட என் அக்காவிடமிருந்து, “உடனே கிளம்பி வா, சிவகாமிக்கு மாப்பிள்ளை வந்திருக்கு, தாய்மாமன் நீ வந்து பார்த்துச் சொன்னால்தான் ஆச்சு” என்று கடிதம் வந்தபோது எனக்கு இரட்டைச் சந்தோஷம். மாப்பிள்ளைக்கு எங்கே வேலை என்று படித்ததும் சந்தோஷம் மூன்றானது. நுவரெலியா பீர் கம்பெனியில் பாட்டில் கழுவி நிரப்பும் பகுதியில் அவனுக்கு வேலையாம். பெஞ்சில் இருந்தவர்களிடம் இதைச் சொன்னபோது ஒருவர் எழுந்து நின்று என்னைக் கட்டிக்கொண்டார்.

ஹட்டன் ஸ்டேஷனில் இறங்கியதும் குளிர் காதைப் பிடித்துத் திருகியது. திருச்சி வெயிலில் காய்ந்த உடம்பு, தை மாதத்து மலைக் குளிரை முதல் தடவை பார்க்கிறது. அத்தான் காத்திருந்தார். தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்ப்பவர். அக்காவைத் திருச்சிப் பக்கம் வந்து கட்டிக்கொண்டு போன நாளிலிருந்து அதே சிரிப்பு. ஸ்டேஷன் எதிரே ஒரு கடையில் பாணும் பருப்பும் வாங்கிக் கொடுத்தார். பாண் என்றால் நம் ஊர் ரொட்டிதான். ஆனால் நம் ஊரில் அதைக் காய்ச்சல்காரனுக்குத்தான் கொடுப்போம். இங்கே ஆரோக்கியமான மனிதர்கள் அதைப் பருப்பில் முக்கி, மேலே தேங்காய்ச் சம்பலை வைத்து, கண்ணில் நீர் வரச் சாப்பிடுகிறார்கள். நான் இரண்டாம் தடவை கேட்டு வாங்கினேன்.

“அக்கா இல்லாத இடமாப் பாத்துக் கேக்குறேன் அத்தான்” என்று ஆரம்பித்தேன். அவருக்குப் புரிந்துவிட்டது. பக்கத்துச் சந்தில் ஒரு கடைக்கு அழைத்துப் போனார். கடைக்காரர் கண்ணாடிப் பெட்டியில் அழகுக்கு அடுக்கி வைத்திருந்த பாட்டில்களில் ஒன்றை எடுத்துத் திறந்தார். பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோருக்குமாகச் சேர்த்து ஒரு வாய் குடித்தேன்.

நனைந்த சாக்கு வாசம். நுரை வந்த வேகத்தில் போய்விட்டது. வெதுவெதுப்பு வேறு. கடல் தாண்டி வந்தது இதற்கா என்று எனக்கு ஆத்திரம் வந்தது. துரை பங்களாச் சமையல்காரரை மனசுக்குள் வைதேன்.

அத்தான் கண்ணாடிப் பெட்டியைக் காட்டினார். அதன் மேல் நேராக வெயில் விழுந்துகொண்டிருந்தது. “வெயில்ல காஞ்ச சரக்கு மாப்ள. நுவரெலியாவுல போய்க் குடிங்க. இங்க குடிச்சா அதுக்கும் அவமானம், நமக்கும் அவமானம்” என்றார். பிறகு ஆளுக்கு நாலு கிராம்பு வாங்கி மென்றுகொண்டே றொசல்ல பக்கம் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். அக்கா என் முகத்தை மோந்து பார்த்துவிட்டு, பல் வலியா என்று கேட்டாள்.

அக்கா வீடு லயத்தில் கடைசி வீடு. லயம் என்பது ஒரே கூரைக்கு அடியில் வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு குடும்பங்கள் இருக்கிற நீளக் கட்டடம். ஒரு வீட்டில் தாளித்தால் எல்லா வீட்டிலும் தும்முவார்கள். அக்கா சுடச்சுடக் கோதுமை ரொட்டி தட்டிப் போட்டாள். கூடவே சீனியைக் கையில் வைத்து நக்கிக்கொண்டு குடிக்கிற சாயத் தண்ணி, அதாவது பால் விடாத தேநீர். இந்த மலையில் விளையும் தேயிலையில் நல்லது எல்லாம் கப்பலேறிவிடுகிறது, தூள்தான் இவர்களுக்கு. அந்தத் தூளே எங்கள் ஊர் கிளப்புக் கடைத் தேநீரைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும்.

சிவகாமி கொழுந்துக் கூடையை இறக்கிவிட்டு உள்ளே வந்தாள். நான் கடைசியாகப் பார்த்தபோது பாவாடை கட்டிக்கொண்டிருந்த பெண். இப்போது மலையில் அவள் வரிசையில் நின்றால் மற்றவர்கள் பின்தங்கிப் போவார்களாம். வேலை வாங்கும் கங்காணி அவளிடம் பேசும்போது மட்டும் குரலைத் தாழ்த்துவார் என்று அத்தான் பெருமையாகச் சொன்னார். மாப்பிள்ளையைப் பற்றி உன் எண்ணம் என்ன என்று கேட்டேன். “நீங்க பாத்துட்டு வாங்க மாமா, பொறகு சொல்றேன்” என்று ரொட்டியைப் பிய்த்தாள்.

அக்காவின் எண்ணம் வேறு. பீர் கம்பெனிக்காரனுக்குப் பெண் கொடுப்பதற்குப் பதில் கிணற்றில் தள்ளலாம் என்றாள். அத்தான் நேர் எதிர்க் கட்சி. டவுனில் நிரந்தர வேலை, மழையில் நனைய வேண்டாம், அட்டை கடிக்காது, இதைவிட என்ன வேண்டும் என்பது அவர் வாதம். இருவரும் ஒரு மாதமாகப் பேசி அலுத்து, தாய்மாமன் சொல்வதே முடிவு என்று ஒப்புக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் சம்பள நாள். சாயங்காலம் லயத்துப் பக்கம் ஒரே கூச்சல். மூன்றாம் வீட்டுக்காரர் சாராயக் கடையிலிருந்து வந்து, வடித்து வைத்த சோற்றுப் பானையை வாசலில் வீசினார். அவர் மனைவி மண் படாத சோற்றை மட்டும் அள்ளிக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் பக்கத்து வீட்டுக்குள் போய் ஒளிந்துகொண்டன. அக்கா என்னைப் பார்த்தாள். அவள் பயம் எனக்கு அப்போதுதான் முழுசாகப் புரிந்தது.

ஆனாலும் அத்தான் சும்மா இருப்பவரா? சிவகாமி பிறந்தபோது தோட்டத்து மருத்துவச்சி சொன்னபடி கறுப்பு பீரில் முட்டையை அடித்து அக்காவுக்கு நாற்பது நாளும் கொடுத்தது யார் என்று கேட்டார். அது மருந்து என்றாள் அக்கா. மருந்து போதவில்லை என்று ஐம்பது நாள் கேட்டு வாங்கியது யார் என்றார். அதற்குப் பிறகு அவருக்கு ரொட்டி வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நான் மட்டும் நுவரெலியா புறப்பட்டேன். அக்கா வாசல்வரை வந்து, “அங்க போய்க் கைய நனைச்சிடாத தம்பி” என்றாள். நமக்குத் தெரியாததா? சம்பந்தம் பேசப் போன வீட்டில், முடிவாகும் முன்னால் சாப்பிட்டால் சம்மதம் சொன்னதாகிவிடும். தண்ணீர்கூட வாங்காமல் வருவேன் என்று சத்தியம் செய்தேன்.

நானுஓயாவில் ரயிலை விட்டு பஸ் ஏறினேன். பஸ்ஸில் மனிதர்களைவிட, வெங்காயத்தாள் மாதிரி இருக்கும் லீக்ஸ் கட்டுகள் அதிகம். ஒரு திருப்பத்தில் பஸ் பெருமூச்சு விட்டு நின்றது. டிரைவர் சிங்களத்தில் ஏதோ சொல்ல எல்லோரும் சிரித்தார்கள். பக்கத்தில் இருந்தவர் மொழிபெயர்த்தார்: “காய்கறி இறங்கட்டும், இல்லாவிட்டால் மனிதர்கள் இறங்கட்டும் என்கிறார்.” மனிதர்கள் இறங்கினோம். சிங்களவர், தமிழர், துணிமூட்டையோடு வந்த ஒரு முஸ்லிம் வியாபாரி, எல்லோருமாகச் சேர்ந்து முட்டைக்கோசையும் லீக்ஸையும் மலை மேல் தள்ளிக்கொண்டு போனோம். குளிர் போன இடம் தெரியவில்லை.

நுவரெலியா ஊரே ஒரு ஐஸ் பெட்டி. புல்லின் மேல் வெள்ளையாகப் படிந்திருந்ததை உப்பு என்று நினைத்துத் தொட்டுப் பார்த்தேன். மாப்பிள்ளை தங்கராசு வழியில் வந்து நின்று கூட்டிப்போனான். ஒல்லியான பையன். நாம் மூன்று வார்த்தை பேசினால் அவன் ஒன்று பேசுவான். அவன் கையைப் பார்த்ததும் எனக்குப் பிடித்துப்போயிற்று. பாட்டில் கழுவுகிறவன் கை. விரல் நுனி வெளுத்து, உள்ளங்கையில் உடைந்த கண்ணாடி கீறிய கோடுகள். என் கையும் அப்படித்தான்.

வீடு ஓடைக்கரையில் இருந்தது. அவனும் அவன் அம்மாவும்தான். அந்த அம்மாள் தேநீர் கொண்டுவந்தார். மரியாதையாக மறுத்தேன். வடை வந்தது. மறுத்தேன். வாசனை மூக்கைத் துளைத்தும் மறுத்தேன். குடிப்பீர்களா தம்பி என்று தங்கராசுவை நேராகவே கேட்டேன். “சனிக்கெழம ஒரு போத்தல் குடிப்பேங்க” என்றான். கண்ணைத் தாழ்த்தவில்லை.

பிறகு தொழில் பேச்சு வந்தது. நான் சோடாக்காரன் என்றதும் பையன் முகம் மலர்ந்தது. மலையிலிருந்து விழும் அருவித் தண்ணீரைப் பிடித்துத்தான் பீர் போடுகிறார்கள் என்றான். அப்படியா, தண்ணீர்தானே சரக்கு என்றேன். மரப் பீப்பாயிலிருந்து பிடிக்கிற பீரைப் பார்த்திருக்கிறீர்களா என்றான். இல்லையே என்றேன். அவன் எழுந்து போய்ப் பக்கத்துக் கடையிலிருந்து ஒரு பெரிய எனாமல் ஜக்கு நிறைய வாங்கி வந்தான். கொஞ்சம் பாருங்க என்றான்.

பார்த்தேன். விரற்கடை உயரத்துக்கு நுரை. அது அசையவே இல்லை. நிறம் நல்லெண்ணெய். தொழில்காரன் ஒரு சரக்கைப் பரிசோதிக்காமல் எப்படித் தீர்ப்புச் சொல்வது? பித்தளை டம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்தேன்.

ஐயா, என்ன சொல்வது! ஐஸ் வைக்காமலே பல் கூசுகிற குளிர்ச்சி. முதலில் ஒரு கசப்பு, வேப்பம்பூ ரசத்தில் வருமே, அந்த மாதிரி நல்ல கசப்பு. அது போன பின்னால் வறுத்த தானியத்தின் இனிப்பு. தொண்டையில் ஒரு சின்னக் கிள்ளல். ஹட்டன் கடைச் சரக்கும் இதுவும் ஒரே வயிற்றில் பிறந்தவை என்று யாராவது சொன்னால் அடிப்பேன். துரை பங்களாச் சமையல்காரரிடம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டேன். இரண்டாவது டம்ளர் அவருக்காக. மூன்றாவது பெஞ்சில் இருந்தவர்களுக்காக. தங்கராசு ஒரு சொட்டுக் குடிக்கவில்லை, ஊற்றிக்கொண்டே இருந்தான்.

கதவோரம் நின்ற அவன் அம்மா உள்ளே போய்த் தட்டில் வெற்றிலை பாக்கோடு வந்தார். “கை நனைச்சிட்டீங்க, எங்களுக்கு ரொம்பச் சந்தோசங்க” என்றார். எனக்கும் ரொம்பச் சந்தோஷம் என்றேன். அந்த நேரத்தில் எதைச் சொல்லியிருந்தாலும் சந்தோஷம் என்றுதான் சொல்லியிருப்பேன். வெற்றிலையை இரண்டு கையாலும் வாங்கி மடியில் கட்டிக்கொண்டேன்.

நானுஓயாவில் முதலில் வந்த ரயிலில் ஏறி நன்றாகத் தூங்கினேன். யாரோ தட்டி எழுப்பினார். கண்ணைத் திறந்தால் மேகத்துக்குள் நிற்கிறது ரயில். பட்டிப்பொல என்று பலகை. ஸ்டேஷன் ஊழியர் சிங்களத்திலும் கையாலும் பொறுமையாக விளக்கியதன் சாரம் இது: ஹட்டன் கீழே இருக்கிறது, நீங்கள் மேலே வந்துவிட்டீர்கள், இதைவிட உயரத்தில் எங்களிடமும் ஸ்டேஷன் இல்லை.

எதிர் ரயிலுக்காகக் காத்து நின்றபோது குளிர் மண்டைக்குள் ஏறியது. போதை இறங்கியது. மடியில் இருந்த வெற்றிலையைத் தொட்டுப் பார்த்தேன். அந்த அம்மாள் சொன்ன வார்த்தை அப்போதுதான் காதில் விழுந்தது. என் அக்கா மகளின் கல்யாணத்தை நான் மூன்று டம்ளர் பீருக்கு முடித்துவிட்டு வந்திருந்தேன். மூன்றாம் வீட்டு வாசலில் கிடந்த சோறு நினைவுக்கு வந்தது. பட்டிப்பொலக் குளிரிலும் எனக்கு வேர்த்தது.

சொல்கிற விதமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று யோசித்துக்கொண்டே தோட்டத்துக்கு வந்தால், லயமே வாசலில் நிற்கிறது. நடுவில் துணிமூட்டை நானா. பஸ் தள்ளினாரே, அதே வியாபாரிதான்; முஸ்லிம் அண்ணன்மாரை அங்கே நானா என்றுதான் கூப்பிடுவார்கள். மாப்பிள்ளை வீட்டுக்குப் பக்கத்து வீட்டில் துணி அளந்துகொண்டிருந்தவரிடம் அந்த அம்மாள் நல்ல செய்தி சொல்லி அனுப்பியிருக்கிறார். அவர் சரியான ரயிலில் ஏறிவிட்டார்.

அடுத்து நடந்ததை ஒரு வழக்கு என்றே சொல்ல வேண்டும். அத்தான் எனக்காக வாதாடினார். சோறு பிசைந்தால்தான் கை நனையும், டம்ளரில் குடித்தால் கை எங்கே நனைகிறது என்றார். டம்ளர் வழிந்ததா இல்லையா என்று நானா கேட்டார். வழிந்தது என்று ஒப்புக்கொண்டேன். அக்கா யார் பேச்சையும் கேட்கவில்லை. என்னிடம் வந்து மெதுவாகச் சொன்னாள்: “குடிக்கிறவனான்னு பாத்துட்டு வரச் சொன்னேன். நீ குடிச்சிட்டு வந்து நிக்கிற.” அவள் திட்டியிருந்தால் தேவலை. கண் கலங்கி நின்றாள். எனக்குப் பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது.

சிவகாமி அதுவரை அடுப்படியில் இருந்தாள். வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டாள். “மாமா கை நனைச்சது மாமாவோட போச்சு. நான் இன்னும் நனைக்கலியே. அடுத்த ஞாயித்துக்கெழம நான் போறேன்” என்றாள். பெண் போய் மாப்பிள்ளை பார்க்கிற வழக்கம் எங்கே உண்டு என்று அக்கா பதறினாள். காலையில் ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டில் துரைக்கு முன்னால் நின்று பேர் கொடுத்துக் கூலி வாங்குகிறவளுக்கு இது மட்டும் முடியாதா என்று சிவகாமி திருப்பிக் கேட்டாள்.

அடுத்த ஞாயிறு அக்கா, சிவகாமி, நான் மூவரும் போனோம். நானுஓயாவில் எந்தப் பக்க ரயில் எங்கே போகும் என்று மூன்று பேரிடம் கேட்டு வைத்துக்கொண்டேன். தங்கராசு வீட்டில் தேநீர் வந்தது. அக்கா தொடவில்லை. நான் ஜன்னல் பக்கம் பார்த்தேன். சிவகாமி டம்ளரை ஓரமாக வைத்துவிட்டு அவனைப் பார்த்துப் பேசினாள்.

“சனிக்கெழம ஒரு போத்தல்னு மாமாகிட்ட சொன்னீங்களாம். எங்க லயத்துல எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க. குடிக்காதப்ப எல்லா ஆம்பளையும் நல்ல ஆம்பளதாங்க. குடிச்ச பொறகு நீங்க எப்படின்னு நான் பாக்கணும். இப்ப எனக்கு முன்னால குடிங்க.”

அவன் அம்மாவுக்கு முகம் செத்துவிட்டது. “எம்மவனக் குடிகாரன்னு பேரு கட்டிவிடவா வந்தீங்க?” என்றார். நியாயமான கேள்விதான். தங்கராசு அம்மாவைத் தடுத்துவிட்டுப் போய் மூன்று பாட்டில் வாங்கி வந்தான்.

என் ஆயுசில் அவ்வளவு நீளமான மத்தியானத்தை நான் கண்டதில்லை. மூன்று பாட்டில் அருமையான பீர் என் கண்ணெதிரில் திறக்கப்படுகிறது. ஒரு சொட்டு என் பக்கம் வராது. அக்கா என்னையும் அவனையும் மாறி மாறிப் பார்க்கிறாள். முதல் பாட்டில் முடிந்தது. பையன் சாமி கும்பிடுகிறவன் போல உட்கார்ந்திருந்தான். இரண்டாவது பாதியில் காது சிவந்தது. பேச்சு வந்தது. பார்லி எப்படி ஊறும், எந்தப் பாட்டில் விரிசலைத் தட்டியே கண்டுபிடிக்கலாம், குளிரில் தண்ணீர் எப்படிக் கையைக் கடிக்கும் என்று சிவகாமியிடம் சொல்லிக்கொண்டே போனான். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். மூன்றாவதைத் திறக்க வேண்டாம் என்று அவன் அம்மா கெஞ்சினார். திறக்கட்டும் என்றாள் சிவகாமி.

மூன்றாவது முடிந்ததும் எழுந்து நின்றான். ஆடினான். ஒரு விஷயம் சொல்லியாகணும் என்றான். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். நானும் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“ஒரு வாரமா யோசிக்கிறேங்க” என்று சிவகாமியிடம் சொன்னான். “நாளைக்கு எங்கம்மாவும் நீங்களும் சண்டை போட்டா நான் யாரு பக்கம் பேசுறது? எனக்கு வழியே தெரியல. அதாங்க பயமா இருக்கு.”

சொல்லிவிட்டு மூன்று பாட்டிலையும் பொறுக்கி எடுத்தான். ஓடைத் தண்ணீரில் ஒவ்வொன்றாகக் கழுவிக் கவிழ்த்து வைத்தான். சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். தூங்கிவிட்டான். ஒரு குரல் உயரவில்லை, ஒரு பாத்திரம் நகரவில்லை. அந்த அம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவனுக்குப் போர்வை போர்த்தினார்.

இதோ என் தீர்ப்பு, பெஞ்சில் இருக்கிறவர்கள் கவனமாகக் கேட்கட்டும். நுவரெலியா பீர் நுவரெலியாவில் அதன் பெயருக்குக் குறைவில்லாதது. அந்த விலைக்கு அதைக் கொடுப்பது தர்மம். ஆனால் அதன் புகழில் பாதி அந்த ஊர்க் குளிருக்கும் அருவிக்கும் போக வேண்டியது. மலையை விட்டுக் கீழே இறக்கினால் என் பன்னீர் சோடாவே தேவலை. இதைவிட அதிகமாக அதனிடம் எதிர்பார்க்கவும் கூடாது. சோற்றுப் பானையை வீசுகிறவன் எதைக் குடித்தாலும் வீசத்தான் செய்வான்.

வெயில் சாயும் முன் தங்கராசு விழித்தான். நாங்கள் அங்கேயே இருப்பதைக் கண்டு திடுக்கிட்டு நிமிர்ந்தான். போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, தப்பாக ஏதும் பேசிவிட்டேனா என்று கேட்டான்.

“சண்டை வந்தா நீங்க யாரு பக்கமும் பேச வேணாம். வெளிய போய்ட்டு, முடிஞ்ச பொறகு வாங்க. நாங்க ரெண்டு பேரும் பாத்துக்கிறோம்” என்றாள் சிவகாமி. அவன் அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை.

சிவகாமி அவர் பக்கம் திரும்பினாள். “அத்தை, காலையிலேருந்து ஒண்ணும் சாப்புடல. சோறு இருந்தா போடுங்க” என்றாள்.

அக்கா என் கையை விட்டுவிட்டுக் கை கழுவ எழுந்தாள்.